அத்தைக்கு என்ன அடையாளம்?

காலை பத்து இருபது. முதலில் கண்ணில் பட்டது பூட்டு. இரும்புக் கேட்டில் தொங்கிய அந்தப் பூட்டுக்கு அப்பால், ஒரு பழைய ஓட்டு வீட்டின் சுவரில், சங்கேதங்களின் வரலாற்றுக் காட்சிசாலை என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. கேட்டுக்கு இப்பால், ஞாயிற்றுக்கிழமை வெயிலில், மாம்பழ நிறப் பட்டுப் புடவையும் தலை கொள்ளாத பிச்சிப்பூவுமாக என் அத்தை.

பெரியப்பா பூட்டை இழுத்துப் பார்த்தார். அது திறக்கவில்லை. வழுதக்காட்டிலிருந்து ஜகதிக்கு இறங்கும் அந்தச் சந்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அதில் அவருக்குத் திருப்தி.

அத்தை என் அப்பாவின் தங்கை. பெரியப்பா அவர்கள் இருவருக்கும் மூத்தவர். தாத்தா போன பிறகு ஸ்ரீவராகத்து வீட்டில் முடிவுகளை எடுப்பவர். நான் ஐந்தாம் வகுப்பு. மூவரில் காட்சிசாலையைப் பார்க்க வந்தது நான் ஒருத்திதான். பெரியப்பா பெண்ணைக் காட்ட வந்திருந்தார். அத்தை காட்டப்பட வந்திருந்தாள்.

அதற்கு முந்தைய சம்பந்தம் வீட்டிலேயே நடந்தது. சொஜ்ஜி, பஜ்ஜி, பாட்டு எல்லாம் முறைப்படி. பிள்ளை வீட்டார் கைகழுவிவிட்டுப் போனார்கள். தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்ப்பதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றார் அப்பா. கோயிலில் எந்த நேரத்திலும் எங்கள் தெருக்காரர் ஒருவராவது பிரதட்சிணத்தில் இருப்பார். ஆகவே பெரியப்பா யோசித்தார். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் எந்தக் காலத்திலும் கால்வைக்காத இடம் வேண்டும். செய்தித்தாளின் உள்பக்கத்தில் இந்தக் காட்சிசாலையைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. அதை அவர் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏற்பாடு இதுதான். இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்தவர்கள் போல வரவேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஜாதகம் பொருந்தியிருந்தது, முகம் இரு தரப்புக்கும் தெரியாது. பிள்ளை பரோடாவில் வேலை. கூட அம்மா மட்டும் வருகிறாள். பூர்வீகம் பாலக்காடு. பெண்ணைப் பிடித்துவிட்டால் பிள்ளையின் அம்மா, கூட வரும் குழந்தையின் கையில் ஏதாவது தித்திப்பு கொடுப்பாள். பிடிக்காவிட்டால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பாள். தரகர் மாமாவும் பெரியப்பாவும் தொலைபேசியில் பேசி இந்த அடையாளங்களை முடிவு செய்திருந்தார்கள். குழந்தை என்பது நான்.

ஆட்டோவில் வரும்போது இதை எனக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார்.

“அத்தைக்கு என்ன அடையாளம், பெரியப்பா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“அத்தைக்குப் பிடிச்சா என்ன பண்ணணும்? பிடிக்கலேன்னா என்ன பண்ணணும்?”

“வாயை மூடிண்டு வா” என்றார். அத்தை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. பூவின் மறைவில் முகம் சரியாகத் தெரியவில்லை.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சமையலறையில் சொன்னாள், கூடத்தில் சொன்னாள், பெரியப்பா பேப்பர் படிக்கும்போது பேப்பருக்கு எதிரே நின்று சொன்னாள். அவர்கள் கேட்காமல் இல்லை. கேட்டார்கள், பொருள் கண்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு பெண் வேண்டாம் என்றால் அது வெட்கம். பேசாமல் இருந்தால் சம்மதம். அழுதால் பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் தலைவலி. மறுப்பு என்பதற்கு இந்த வாய்பாட்டில் இடமே இல்லை.

அத்தைக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. காலையில் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அன்றைக்கு ஆபீசில் எது ஓடவில்லை, எதை ஓடவைத்தாள் என்று எனக்குச் சொல்ல ஆரம்பிப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பரோடாக்காரர்களுக்கு வீட்டோடு இருக்கிற மருமகள் வேண்டும். “அதுக்கென்ன, விட்டுடுவா” என்று பெரியப்பா அத்தைக்காக வாக்குக் கொடுத்திருந்தார். பிடித்துவிட்டது என்று தெரிந்தால் மறுநாள் திங்கட்கிழமையே ராஜினாமா. ஆபீசுக்கு அவரே வந்து பேசுவதாகவும் சொல்லியிருந்தார்.

பத்தரைக்கு ஒரு பெண் டிபன் பையும் சாவிக்கொத்துமாக வேகமாக வந்தாள். காட்சிசாலைக்கு டிக்கெட் கிழிப்பவள், விளக்குபவள், பெருக்குபவள் எல்லாம் அவள்தான் போலிருந்தது. அத்தை வயதுதான் இருக்கும். அத்தையின் புடவையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

“கல்யாண மண்டபம் அடுத்த ரோடிலாக்கும், சேச்சி” என்றாள்.

“தெரியும்” என்றாள் அத்தை. “மூணு டிக்கெட் கொடு.”

உள்ளே ஒரு நடையும் இரண்டு அறைகளும். நடையில் கண்ணாடிப் பெட்டிகள். ஒரு தடியில் சுற்றிய தோல் வார். அதே அளவுள்ள தடியில் சுற்றினால்தான் அதில் எழுதியதைப் படிக்க முடியுமாம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் எழுத்துச் சக்கரங்கள். கப்பல் கொடிகள். எழுத்துக்குள் எண்ணை ஒளித்துவைக்கும் கடபயாதி முறையை விளக்கும் ஒரு பெரிய அட்டவணை. யுத்த காலத்து இயந்திரம் ஒன்றின் மரப் பிரதி. பித்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

எனக்குப் பிடித்தது மொட்டைத் தலை. களிமண்ணில் செய்த ஒரு மனிதத் தலை, அதில் நீல மையில் எழுத்துகள். பழங்காலத்து ராஜா ஒருவர் தூதனின் தலையை மழித்துச் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்த பிறகு அனுப்புவார் என்றாள் அந்தப் பெண். சேரவேண்டிய இடத்தில் திரும்ப மழித்துப் படித்துக்கொள்வார்கள்.

“அவனுக்குத் தெரியுமா, என்ன எழுதியிருக்குன்னு?”

“எங்ஙனே தெரியும், மோளே? சொந்தம் தலையை யாரு பாக்க முடியும்?”

“போகமாட்டேன்னு சொன்னா?”

அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்று மொட்டைத் தலையை வெகுநேரம் பார்த்தாள். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். வாசலில் செருப்புச் சத்தம்.

ஓர் அம்மாளும் அவளோடு ஓர் இளைஞனும் வந்தார்கள். அம்மாளுக்குப் பச்சைப் பட்டு. இளைஞனுக்குப் புது வேட்டி, நெற்றியில் சந்தனம், கண்ணாடி. பெரியப்பா சட்டென்று கப்பல் கொடிகளின் பக்கம் திரும்பி அவற்றை ஆராய ஆரம்பித்தார். அந்த அம்மாள் நேராக அவரிடமே வந்தாள்.

“ஐயா, புலி எங்க இருக்கு?”

பெரியப்பா திகைத்தார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று தரகர் மாமா சொல்லவில்லை. ஆனால் சமாளித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, “உள்ளேதான் இருக்கணும்” என்றார்.

“ஏலே, உள்ள இருக்காம்லே, வா” என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த அம்மாள் அடுத்த அறைக்குப் போனாள்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியோ, என்னமா நடிக்கறா!” என்று என் காதில் கிசுகிசுத்தார். “பாலக்காட்டுக்காரா, பரோடாவிலே இருக்கறவா. தின்னவேலிப் பேச்சு நாக்கிலே எப்படிப் புரள்றது பாரு! கெட்டிக்கார மனுஷி.”

அத்தை அந்த அறைக்குப் போய் அவர்களோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அண்ணா, இவா அவா இல்லை. இவா கோவில்பட்டி. பத்மநாபசாமியைச் சேவிச்சுட்டு மியூசியத்துல புலி பாக்கக் கிளம்பியிருக்கா. ஆட்டோக்காரன் மிருகக்காட்சிசாலை இருக்கற மியூசியத்துக்குப் போகாம, மியூசியம்னதும் இங்கே கொண்டுவந்து விட்டுட்டான்.”

“பேசினியா? பேசப்படாதுன்னு சொல்லியிருக்கேனோல்லியோ!”

“கேட்டேன், சொன்னா. அவ்வளவுதான்.”

பெரியப்பா அவளை வாஞ்சையோடு பார்த்தார். “ஷெரி ஷெரி. உனக்கு வெட்கமா இருக்கு. புரியறது. இங்கேயே நில்லு.”

அத்தை வாயைத் திறந்தாள்; மூடிக்கொண்டாள். பெரியப்பாவின் கணக்கில் அது சம்மதமாகச் சேர்ந்தது.

உள்ளறையில் புலி இல்லை என்பது உறுதியானதும் அந்த அம்மாள் வெளியே வந்தாள். நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து பையைத் துழாவினாள். என்னைக் கூப்பிட்டாள். “இந்தா பாப்பா, தின்னு” என்று கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்தாள். பெரியப்பா கண்களை மூடிக் கைகூப்பினார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

“ஏலே, ரயிலுக்கு நேரமாச்சு, வாலே.”

பெரியப்பாவின் முகத்தை இன்றும் என்னால் வரைந்துகாட்ட முடியும். பிடித்திருக்கிறது என்பதற்கான அடையாளமும் வந்துவிட்டது, பிடிக்கவில்லை என்பதற்கான அடையாளமும் வந்துவிட்டது. அம்மாளும் மகனும் கேட்டைத் தாண்டிப் போகும்வரை அவர் அசையவில்லை. பிறகு, கையில் கொடுத்தது வாயில் சொன்னதைவிட உறுதியானது என்று தமக்குள் தீர்மானித்துக்கொண்டு அலைபேசியை எடுத்தார். வீட்டுக்கு அடித்தார். “முடிஞ்சாச்சு! தித்திப்பு கொடுத்தாச்சு!” என்று அப்பாவிடம் கத்தினார். மறுமுனையில் அம்மா யாரிடமோ பாயசத்துக்கு அடுப்பு மூட்டச் சொல்வது எனக்கே கேட்டது.

அதே அலைபேசி அடுத்த நிமிடம் அடித்தது. தரகர் மாமா. பிள்ளை வீட்டார் சந்து முனையில் நிற்கிறார்களாம்; ஆட்டோ வழி தப்பிவிட்டதாம்; இதோ வந்துகொண்டிருக்கிறார்களாம்.

பெரியப்பா என் கையில் இருந்த கடலை மிட்டாயைப் பார்த்தார். பாதி போயிருந்தது.

“நான் சொன்னேனே, அண்ணா” என்றாள் அத்தை.

“நீ சொன்னே... நீ சொன்னே...” என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையான பிள்ளையின் அம்மா சிறிய உருவம், பெரிய வைரத்தோடு. பிள்ளை உயரம், முழுக்கைச் சட்டை, உள்ளே நுழையும்போதே வாசல் நிலையைப் பார்த்துத் தலையைக் குனிந்தான். அவனுக்கும் யாரோ எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் தோல் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மாமி அத்தையைப் பார்த்தாள். புடவையை, நடையை, கைவிரல்களை, கடைசியில் முகத்தை. பெரியப்பாவும் மாமியும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவரை ஒருவர் பார்க்காமல், எழுத்துச் சக்கரத்தைக் குறித்து ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள்.

டிக்கெட் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு ஆள் சேர்ந்துவிட்ட சந்தோஷம். காட்சிசாலையின் பெருமை தந்தி. முன்னறையில் ஒரு விசை, பின்னறையில் ஒரு விசை, நடுவே கம்பி. ஓர் அறையில் தட்டினால் இரண்டு அறையிலும் கீச்சொலி கேட்கும். நடையில் கரும்பலகை வைத்துக்கொண்டு அவள் எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதுவாள். எழுத்துக்குறி அட்டவணை இரு மேஜையிலும் ஒட்டியிருந்தது.

“ரெண்டு பேர் வேணும்” என்றாள். “ஒருத்தர் இவிடே, ஒருத்தர் அவிடே.”

மாமி மகனின் முதுகில் லேசாகத் தட்டினாள். பெரியப்பா அத்தையைக் கண்ணால் காட்டினார். பெண்ணும் பிள்ளையும் தனியாக ஐந்து நிமிடம் பேசுவது என்ற சடங்கு எங்களுக்கும் உண்டு. அதற்கு மாடி, இல்லாவிட்டால் கொல்லைப்புறம். நடுவில் சுவர், சாட்சிக்கு அரசாங்கத் தந்திக் குறி, எழுதிக்கொள்ள ஓர் ஆள் என்று இத்தனை மரியாதையான தனிப்பேச்சை எங்கள் தெரு கண்டதில்லை. பெரியப்பாவின் மூச்சு சீரானது.

பிள்ளை பின்னறைக்குப் போனான்; அத்தை முன்னறையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கும் கரும்பலகைக்கும் நடுவே கதவருகில் நின்றேன். அட்டவணையில் விரலை வைத்துத் தேடினாள். பூச்சரத்தை எடுத்துப் பின்னால் போட்டாள். ஆபீசில் எதையோ ஓடவைத்ததைச் சொல்லும்போது வருகிற முகம் வந்தது.

ஒரு நீண்ட ஒலி, ஒரு குட்டை ஒலி.

“என்” என்றாள் டிக்கெட் பெண், எழுதிக்கொண்டே.

நீண்ட ஒலிகள் மூன்று.

“ஓ.”

அத்தை கையை எடுத்துவிட்டாள். கரும்பலகையில் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து.

“நோ-வா? முழுசா அடிக்கச் சொல்லு குழந்தே” என்றார் பெரியப்பா என்னிடம். “நோட்டிஸ்னு ஏதாவது அடிக்க வந்திருப்பா.”

“முழுசாத்தான் அடிச்சிருக்கேன்” என்றது முன்னறை.

மாமி புன்னகை செய்தாள். “வெட்கம்” என்றாள் பொதுவாக, கொடிகளைப் பார்த்து.

“ஆமாம், வெட்கம்தான்” என்றார் பெரியப்பா அவசரமாக, அதே கொடிகளைப் பார்த்து.

டிக்கெட் பெண் சாக்பீஸோடு திரும்பினாள். “மெஷீனுக்கு நாணம் ஒண்ணும் இல்ல, சாரே. ஞான் கேட்டது நோ. அதாக்கும் எழுதியது.”

அத்தை திரும்ப அடித்தாள். அதே இரண்டு எழுத்து. இந்தத் தடவை அவ்வளவு சுத்தமாக இருந்தது, டிக்கெட் பெண் சொல்வதற்கு முன்பே அட்டவணையைப் பார்த்து நான் படித்துவிட்டேன்.

பின்னறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மெதுவாக, தேடித் தேடி, நீண்ட ஒலிகள் மூன்று.

“ஓ.”

நீளம், குட்டை, நீளம்.

“கே. ஓகே!” என்றாள் டிக்கெட் பெண். தன்னுடைய கம்பி வேலை செய்ததில் அவளுக்கு நியாயமான பெருமை.

“ஓகே சொல்லிட்டான்!” மாமி தற்செயலாக வந்தவள் என்பதை மறந்துவிட்டாள். “என் பிள்ளை இதுவரைக்கும் எந்தப் பொண்ணையும் ஓகே சொன்னதில்லை, கேட்டேளா!” கைப்பையைத் திறந்தாள். வெள்ளிச் சிமிழிலிருந்து கல்கண்டை அள்ளி என் இரண்டு கையிலும் வைத்து மூடினாள். பெரியப்பா மறுபடி கண்ணை மூடிக் கும்பிட்டார். மறுபடி அலைபேசியை எடுத்தார். அவரும் மாமியும் ஒருவரை ஒருவர் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்து, சம்பந்தி, சம்பந்தி என்று சொல்லிக்கொண்டார்கள்.

அத்தை முன்னறை வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்திருந்தாள். தந்தியில் அடித்த பிறகும் அர்த்தம் மாறிவிட்டது. இனி எதில் சொல்வது?

பின்னறையிலிருந்து பிள்ளை வந்தான். வாசலில் தலையைக் குனிந்தான், நிமிர்ந்தான்.

“அம்மா, அவா வேண்டாம்னு சொன்னா. நான் சரின்னேன்.”

“அதான் சரின்னுட்டியேடா!”

“வேண்டாம்னதுக்குச் சரின்னேன், அம்மா.”

“பொண்கள்னா அப்படித்தான்டா சொல்லும்.”

“பின்னே வேற எப்படிச் சொல்லணும்?”

அவன் குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலக் கேட்டான். பெரியப்பாவிடம் பதில் இருந்தது. ஆனால் அதை யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் அவர் அத்தையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் கரும்பலகையைப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு நோ, அதன் கீழே ஓர் ஓகே.

“அண்ணா” என்றாள் அத்தை. கதவுச் சட்டத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். “எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வேலையை விடமாட்டேன். நாளைக்கு நீங்க ஆபீசுக்கு வரவேண்டாம்.”

“ஊரான் முன்னாலே பேசற பேச்சா இது? வெட்கமில்லையாடி உனக்கு?”

“இல்லை. அதைத்தான் ஒரு மாசமா சொல்லிண்டிருக்கேன்.”

டிக்கெட் பெண் சாக்பீஸை மெதுவாகக் கீழே வைத்தாள். மாமி கைப்பையின் கொக்கியைப் போட்டாள். “ரயிலுக்கு நேரமாச்சு” என்றாள். பிள்ளை அத்தையைப் பார்த்துத் தலையை அசைத்தான், அத்தையும் அசைத்தாள். மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துவிட்டு எழுந்தவர்கள் போல இருந்தது. அவன் வாசலைத் தாண்டும்போது குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டான்.

பெரியப்பாவுக்கு யாரையாவது ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. நான்தான் அகப்பட்டேன்.

“அந்தக் கல்கண்டை மாமி கிட்டே கொடுத்துட்டு வா. நம்மளுடையது இல்லை அது. ஓடு!”

நான் அத்தையைப் பார்த்தேன்.

“கொடுக்காதே” என்றாள் அத்தை. “உனக்குக் கொடுத்ததுதானே. தின்னு.”

இரண்டு கைக் கல்கண்டையும் சேர்த்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. பெரியப்பா இன்னொரு தடவை ஓடு என்றார். பதில் சொல்ல வாயில் இடமில்லை. அத்தை என் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பெரியப்பா தனி ஆட்டோவில் முன்னால் போனார். நானும் அத்தையும் பின்னால். பழவங்காடியில் சிவப்பு விளக்கு விழுந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சில்லு ஒன்று எங்கள் ஆட்டோவின் சக்கரம் வரை வந்தது. அத்தை பூச்சரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிக்கிய கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கல்கண்டு கரைந்து முடிந்திருந்தது. “அத்தே, அந்த மாமா ஓகே சொன்னாரோல்லியோ?” என்றேன்.

“சொன்னார்.”

“அப்புறம் ஏன் கல்யாணம் இல்லை?”

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்தும் நிற்கவில்லை.

“அவர் ஓகே சொன்னதாலேதான்” என்றாள்.

எனக்கு அது புரியவில்லை. ஓகே என்றால் சரி, சரி என்றால் கல்யாணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம், அந்தக் காட்சிசாலையின் தந்தி இயந்திரம் கோளாறானது, ஒன்று அடித்தால் வேறொன்று போகும் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை அழுதாளே, அது பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் எங்கும் போகவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் பாயசம் இருந்தது. முதல் தொலைபேசிக்கு மூட்டிய அடுப்பு. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் அறைக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. அத்தைக்குத் தலைவலி இல்லை. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒரு டம்ளரை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

பெரியப்பா அதன் பிறகு பல மாதம் அத்தையோடு நேரே பேசவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம், பக்கத்தில் அவள் நிற்கும்போதே, என் மூலம் சொல்லி அனுப்பினார். அத்தை என் மூலம் பதில் அனுப்பவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள்.

அதெல்லாம் பிறகு. மறுநாள் திங்கட்கிழமை. கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டத்துக்குப் புறப்படும் ஏழு ஐம்பது பஸ்ஸில் அத்தை வேலைக்குப் போனாள்.